ஆட்டமில்லாத கோடை: பேஸ்பால் வீரருக்கான பன்னிரண்டு வார வழிகாட்டி

சீசன் முழுவதும் ஒரு கெட்ட பழக்கத்தோடு மல்லுக்கட்டி, அதை மாற்ற முடியாமலே கடைசி ஆட்டத்தையும் முடித்திருப்பீர்கள். சோம்பல் அதற்குக் காரணமல்ல. ஸ்விங்கிலோ வீச்சிலோ ஒன்றை மாற்றத் தொடங்கினால், முதல் இரண்டு மூன்று வாரம் ஆட்டம் முன்பைவிடக் கெட்டுப்போகும். பழையது கையைவிட்டுப் போயிருக்கும். புதியது கைக்கு வந்திருக்காது. சனிக்கிழமை ஆட்டத்தை வைத்துக்கொண்டு அந்த இடைவெளியில் நிற்க யாருக்கும் துணிவு வராது. வெள்ளிக்கிழமை மாலையே பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள். கோடையில் ஸ்கோர் எழுத ஆளில்லை. கொஞ்ச நாள் மோசமாக ஆடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. அந்தச் சலுகையை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

பன்னிரண்டு வாரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பத்து வாரம்தான் என்றால் நடுவில் சுருக்கிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வரும் ஓய்வை மட்டும் சுருக்காதீர்கள்.

முதல் படி: நோட்டுப் புத்தகம்

முதல் வாரம், அளவெடுப்பதைத் தவிர வேறெதற்கும் பேட்டைத் தொட வேண்டாம். பயிற்சியாளரிடம் சீசனின் ஸ்கோர் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் பெயர் இருக்கும் வரிசையை மட்டும் உட்கார்ந்து படியுங்கள். எத்தனை முறை அவுட் ஆனோம் என்பதைவிட, எப்படி அவுட் ஆனோம் என்பது முக்கியம். ஸ்ட்ரைக் அவுட்களில் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆனவற்றில்) பெரும்பாலானவை வெளிப்பக்கப் பந்துகளா? அடித்ததெல்லாம் ஒரே பக்கம் தரையில் உருண்டு போயிற்றா? ஃபீல்டிங்கில் தவறவிட்டவை பேக்ஹேண்ட் பக்கம் (கையை உடலுக்குக் குறுக்கே நீட்டிப் பிடிக்க வேண்டிய பக்கம்) வந்தவையா, இல்லை பந்தைப் பிடித்த பிறகு அவசரத்தில் எறிந்ததில் வந்த பிழைகளா? புத்தகத்தில் இல்லாததை உங்கள் அணியின் கேட்சரிடம், அதாவது பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவரிடம், கேளுங்கள். மைதானம் முழுவதையும் முன்னால் வைத்துப் பார்க்கும் ஒரே ஆள் அவர்தான்.

படித்து முடித்ததும் ஒரு பெரிய குறையையும் ஒரு சிறிய குறையையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவதாக ஒன்றை எழுதக் கை துடிக்கும், எழுதாதீர்கள். ஒரு கோடையில் ஐந்தைத் திருத்தக் கிளம்பியவர்கள் ஒன்றைக்கூடத் திருத்தாமல் திரும்பியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து அளவெடுங்கள். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டில் ஒரு ஸ்விங் போட்டுவிட்டு முதல் பேஸ் வரை ஓட எத்தனை விநாடி? நின்ற இடத்திலிருந்து இரு கால்களாலும் தாண்டினால் எவ்வளவு தூரம்? டீயில் (பந்தை நிறுத்தி வைக்கும் தண்டு) வைத்து அடிக்கும் பத்துப் பந்துகளில் எத்தனை நேர்கோட்டில் பறக்கின்றன? எறிந்து பார்க்கும் அளவு எதுவும் இப்போது வேண்டாம். ஏன் என்பதை அடுத்த படியில் சொல்கிறேன். வட அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறைத் தொடரான மேஜர் லீக்கில் வலது கை ஆட்டக்காரர்கள், ஹோம் பிளேட்டிலிருந்து முதல் பேஸ் வரையான 90 அடியைச் சுமார் 4.3 விநாடியில் ஓடுகிறார்கள். இது தகவலுக்கு மட்டும். பதினான்கு வயதுப் பிள்ளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது சென்ற வாரத்துத் தன் எண்ணோடு மட்டுமே.

இரண்டாம் படி: கைக்கு ஓய்வு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்று யாராவது சொன்னால், இதைப் படிக்கச் சொல்வேன்.

தலைக்கு மேலாகக் கையைச் சுழற்றி முழு வேகத்தில் எறியும் ஒவ்வொரு முறையும், முழங்கையின் உட்பக்கம் இருக்கும் ஒரு சின்னத் தசைநார் பெரிய இழுவிசையைத் தாங்குகிறது. தாங்கித் தாங்கி நைந்துபோய், ஒருநாள் அது அறுந்துவிடலாம். 1974-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர் (பந்துவீச்சாளர்) டாமி ஜானுக்கு அப்படித்தான் ஆயிற்று. மருத்துவர் ஃபிராங்க் ஜோப் உடலின் வேறிடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து முழங்கையில் பொருத்தினார். 1975 சீசன் முழுவதையும் இழந்த டாமி ஜான் 1976-ல் திரும்பி வந்து, 1989 வரை வீசினார். இன்றும் அந்த அறுவைச் சிகிச்சைக்கு அவர் பெயர்தான். அவர் திரும்பி வந்ததைப் பார்த்து, 'அறுந்தால் தைத்துக்கொள்ளலாம்' என்று நினைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கும் மேலான வலியும் காத்திருப்பும் அந்தச் சிகிச்சையோடு சேர்ந்தே வருகின்றன. அதன் பிறகும் எல்லோரும் பழைய வேகத்துக்குத் திரும்புவதில்லை.

வளரும் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னொரு வகையில் வருகிறது. எலும்பின் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு இன்னும் இறுகியிருக்காது. தொடர்ந்து எறிந்தால் அடிபடுவது பெரும்பாலும் அதுதான்.

மேஜர் லீக் பேஸ்பாலும், அமெரிக்காவின் தேசிய பேஸ்பால் அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014-ல் 'பிட்ச் ஸ்மார்ட்' என்ற நெறிமுறையை வெளியிட்டன. இளம் பிட்சர்கள் ஆண்டில் குறைந்தது நான்கு மாதம் பந்துவீச்சிலிருந்து விலகியிருக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதம் இடைவிடாத ஓய்வாக இருக்க வேண்டும் என்கிறது அது. ஆகவே நீங்கள் பிட்சராக இருந்து, ஆண்டின் வேறு பகுதியில் அப்படி ஓய்வு கிடைக்கவில்லை என்றால், இந்தக் கோடையின் முதல் எட்டு வாரம் தலைக்கு மேலான எறிதல் எதுவும் வேண்டாம். பிட்ச் செய்யாத ஃபீல்டர்களுக்கு நான்கு வாரம் போதும். 'நான் பிட்சர் இல்லை, கேட்சர்தானே' என்று நழுவாதீர்கள். வந்த பந்துகளையெல்லாம் திருப்பி எறிந்தவர் கேட்சர். அவரும் பிட்சரின் கணக்கிலேயே ஓய்வெடுப்பது நல்லது.

ஓய்வு என்றால் படுத்துக் கிடப்பதல்ல. நீந்துங்கள், சைக்கிள் ஓட்டுங்கள், கால்பந்து ஆடுங்கள். கோடைத் தொடர்களுக்கு இரண்டு மூன்று அணிகள் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் ஒன்றுக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிட்சர்கள் அந்த ஒன்றையும் மறுத்துவிடுவது நல்லது. ஒவ்வொரு அணியும் தன் பந்துகளைத்தான் எண்ணும். மொத்தக் கணக்கு உங்கள் முழங்கையிடம் மட்டுமே இருக்கும்.

தசை கனப்பது வேறு, மூட்டு வலிப்பது வேறு. தோளின் பின்புறம் இரண்டு நாள் கனத்துவிட்டுச் சரியாகிவிட்டால் பயமில்லை. முழங்கையின் உட்பக்கம் ஒரு புள்ளியில் விரல் வைத்துக் காட்டும்படி வலித்தால், விளையாட்டு மருத்துவரைப் பார்க்காமல் ஒரு பந்தும் எறியக் கூடாது. ஐஸ் வைத்துக்கொண்டு, வலி மாத்திரை போட்டுக்கொண்டு வீசுவதை வீரம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மூன்றாம் படி: காலிலிருந்து கட்டுங்கள்

பந்தின் வேகம் கையில் பிறப்பதில்லை. தரையை மிதிக்கும் காலில் தொடங்கி, இடுப்பு திரும்பி, நடு உடல் முறுக்கி, கடைசியில்தான் கைக்கு வருகிறது. பேட்டின் வேகமும் அப்படியே.

இரண்டாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் விட்டு, உடற்பயிற்சி செய்யுங்கள். ஸ்குவாட், முன்கால் வைத்து இறங்கும் லஞ்ச், புஷ்-அப், கையால் இழுக்கும் பயிற்சி ஒன்று, பிளாங்க், பக்கவாட்டுப் பிளாங்க் ஆகியவை போதும். எடை தூக்கிப் பழக்கமில்லாதவர்கள் முதலில் தங்கள் உடல் எடையையே ஒழுங்கான வடிவத்தில் தூக்கக் கற்றுக்கொள்ளட்டும்; தெரிந்தவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று கிலோ மெடிசின் பாலை (கனமான பயிற்சிப் பந்து) சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, இடுப்பைத் திருப்பி இரு கையாலும் சுவரில் எறிவது, ஸ்விங்குக்கு மிக நெருங்கிய பயிற்சி. பக்கத்துக்கு எட்டு முறை, மூன்று சுற்று.

தோளுக்கு ரப்பர் பட்டை. முழங்கையை விலாவோடு ஒட்டி, தொண்ணூறு பாகையில் மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் மெதுவாகத் திருப்ப வேண்டும். பதினைந்து முறை. பட்டை லேசானதாகவே இருக்கட்டும். கனமான பட்டையை எடுத்தால் நாம் வலுவாக்க நினைக்கும் சிறு தசைகள் ஒதுங்கிக்கொள்ள, பெரிய தசைகள் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும்.

ஓட்டத்தில் மைல் கணக்கு வேண்டாம். பேஸ்பாலில் எல்லாமே நாலைந்து விநாடி விஷயம். பத்து மீட்டர், இருபது மீட்டர் என்று முழு வேகத்தில் ஓடி, மூச்சு முழுவதும் திரும்பிய பிறகு அடுத்ததை ஓடுங்கள்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. உடல் சூட்டுக்குப் பழக ஏறக்குறைய ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். முதல் நாட்களில் பயிற்சி நேரத்தைக் குறைத்து, அதிகாலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தலைசுற்றல், குமட்டல், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. நிழலுக்குப் போய் உடலைக் குளிர்விக்க வேண்டும். குழப்பம் வந்தால் உடனே மருத்துவ உதவி தேவை. தூக்கமும் பயிற்சியைச் சேர்ந்ததுதான்: பதின்வயதினருக்கு இரவில் எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும்.

நான்காம் படி: டீயும் ஸ்விங்கும்

டீ என்பது சின்னப் பிள்ளைகளின் சாமான் என்று நினைப்பவர்களுக்கு டோனி குவின்னின் பெயரைச் சொல்வேன். சான் டியாகோ பேட்ரஸ் அணிக்காக 1982 முதல் 2001 வரை இருபது சீசன் ஆடி, எட்டு முறை லீக்கிலேயே மிக உயர்ந்த பேட்டிங் சராசரி பெற்றவர். வாழ்நாள் சராசரி 0.338. அவர் கடைசி வரை டீயில் அடித்துப் பழகினார். வீடியோ பார்ப்பது வழக்கத்தில் இல்லாத 1980-களிலேயே தன் ஸ்விங்கைப் பதிவு செய்து பார்த்தவரும் அவரே. இடது கை ஆட்டக்காரரான அவர், மூன்றாம் பேஸ்மேனுக்கும், இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் இடையில் இருக்கும் இடைவெளியைக் குறிவைத்து அடித்துப் பழகினார். டீ பயிற்சியில் அந்தக் குறிதான் உயிர். வலைக்குள் எங்கேயோ போய் விழட்டும் என்று அடித்தால் கை வலிப்பதுதான் மிச்சம்.

பெரும்பாலோர் டீயைத் தப்பான இடத்தில் வைக்கிறார்கள். பிளேட்டின் நடுவில், தொப்புளுக்கு நேராக நிறுத்திவிடுவார்கள். நடுவில் வரும் பந்தைப் பேட் தொட வேண்டியது, எட்டு வைத்து ஊன்றிய முன்காலுக்கு நேராக. உள்பக்கப் பந்தை அதற்கும் முன்னால் சந்திக்க வேண்டும். வெளிப்பக்கப் பந்தைக் கொஞ்சம் பின்னால் வரவிட்டு, எதிர்ப்பக்கத்துக்கு அடிக்க வேண்டும். இந்த மூன்று இடங்களிலும் மாற்றி மாற்றி வையுங்கள். நாளுக்குப் பத்துப் பந்து வீதம் ஐந்து சுற்று, சுற்றுக்கு இடையில் இரண்டு நிமிடம். இருநூறு சோர்ந்த ஸ்விங்கைவிட ஐம்பது கவனமான ஸ்விங் மேல். வலை இல்லாவிட்டால் துளையிட்ட பிளாஸ்டிக் பந்து போதும்.

வாரத்துக்கு ஒருமுறை கைபேசியில் பதிவு செய்யுங்கள், மெதுவோட்டத்தில். ஒரு முறை மார்புக்கு நேர் எதிரே இருந்து, ஒரு முறை பின்னாலிருந்து. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்க வேண்டும். முதல் வாரம் தலை நகர்கிறதா என்று. அடுத்த வாரம், முன்கால் ஊன்றிய பிறகுதான் இடுப்பு திரும்புகிறதா என்று. மூன்றாவது வாரம், முன்தோள் முந்திக்கொண்டு திறந்துவிடுகிறதா என்று.

நான் பயிற்சி கொடுத்த ஒரு பையனை இங்கே சொல்ல வேண்டும். வலது கை ஆட்டக்காரன், நல்ல வலு. ஆனால் பந்து வருகிறது என்றதும் அவனுடைய இடது கால் பிளேட்டை விட்டு மூன்றாம் பேஸ் பக்கமாக விலகிவிடும். கால் போன பக்கம் இடுப்பும் போகும், வெளிப்பக்கப் பந்துக்குப் பேட் எட்டாது. 'காலை நேராக வை' என்று சீசன் முழுவதும் சொல்லிப் பயனில்லை. தன் கால் விலகுவதே அவனுக்குத் தெரியவில்லை. கோடையில் ஒரு துண்டைக் கயிறுபோல் சுருட்டி, அவன் குதிகால்களுக்கு ஒரு சாண் பின்னால் தரையில் நீளவாக்கில் போட்டேன். முதல் நாள் பத்து ஸ்விங்கில் எட்டுக்குத் துண்டை மிதித்தான். "சார், இது தடுக்குகிறதே" என்றான். "அது அங்கேயேதான் கிடக்கிறது, உன் கால்தான் அதைத் தேடிப் போகிறது" என்றேன். இரண்டு வாரம் அவன் அடித்ததெல்லாம் முன்பைவிட மோசம். பந்துகள் வலையின் அடியில் போய்ச் செத்து விழுந்தன. மூன்றாம் வாரத்தில் ஒருநாள் துண்டு மடிப்புக் கலையாமல் கிடந்தது. வெளிப்பக்கத்தில் வைத்த பந்து, பேட்டின் தடித்த பகுதியில் பட்டு, வலப்பக்க மூலையில் கட்டியிருந்த துணியைத் தொட்டது. சத்தமே வேறாக இருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து துண்டைத்தான் பார்த்தான்.

டீயில் ஸ்விங் நிலைத்த பிறகு, ஒருவர் வலைக்குப் பின்னால் நின்று கீழ்க்கையால் போட்டுத் தரும் பந்துகளை அடியுங்கள். அதன் பிறகு வருவது கண்ணுக்கான பயிற்சி. பிட்சர் நின்று வீசும் மேடான மவுண்டிலிருந்து பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அதை ஏறக்குறைய 0.4 விநாடியில் கடந்துவிடும். அதற்குள் அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்து, பேட்டையும் கொண்டுவர வேண்டும். இதைப் பழக எளிய வழி ஒன்று உண்டு. பழகிக்கொண்டிருக்கும் ஒரு பிட்சரிடம் அனுமதி கேட்டு, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பேட்டோடு பிளேட்டில் நில்லுங்கள். அடிக்காதீர்கள். பந்து பாதி வழி வருவதற்குள் 'ஃபாஸ்ட்பால்' (வேகப் பந்து), 'சேஞ்சப்' (வேகம் குறைந்த பந்து), 'பால்' (அடிக்கும் எல்லைக்கு வெளியே வருவது), 'ஸ்ட்ரைக்' (எல்லைக்குள் வருவது) என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்சர் சரியா தவறா என்று சொல்வார். முப்பது பந்து நின்றால் போதும். செலவே இல்லாத இந்தப் பயிற்சியை ஏனோ மிகச் சிலரே செய்கிறார்கள்.

ஐந்தாம் படி: சுவரும் கிளவும்

ஆஸி ஸ்மித் சிறுவனாக இருந்தபோது வீட்டு வாசலின் கான்கிரீட் படிகளில் பந்தை எறிந்து, தெறித்து வருவதைப் பிடிப்பார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகளை நெருங்குவார்; யோசிக்க நேரம் குறைந்துகொண்டே வரும். அந்தச் சிறுவன் பிறகு ஷார்ட்ஸ்டாப்பாக 1980 முதல் 1992 வரை சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் க்ளவ் விருதைத் தொடர்ந்து 13 முறை வாங்கினார்.

உங்களுக்கும் ஒரு சுவரும் டென்னிஸ் பந்தும் போதும். கைக்கு ஓய்வு தரும் வாரங்களில் கீழ்க்கையால் மட்டும் எறியுங்கள். நான்கு மீட்டரில் தொடங்கி, முதலில் வெறும் கையால். இடுப்பு தாழ்ந்து, கை தரையை ஒட்டி, பந்து வருவதற்கு முன்பே விரிந்திருக்க வேண்டும். கையை மேலிருந்து கீழே கொண்டுபோகிறவர்கள் காலிடையில் பந்தை விடுவார்கள். கீழிருந்து மேலே வருகிறவர்கள் பிடிப்பார்கள். ஒரு சுற்று நேராக, ஒரு சுற்று பேக்ஹேண்ட், ஒரு சுற்று பந்து தரையில் பட்டுக் குதித்தவுடனே பிடிப்பது.

பந்தை கிளவிலிருந்து (பந்து பிடிக்கும் தோல் கையுறை) கைக்கு மாற்றுவதை உட்கார்ந்துகொண்டே பழகலாம். பந்தில் 108 இரட்டைத் தையல்கள் இருக்கின்றன. குதிரை லாடம்போல் வளையும் அந்தத் தையலின் குறுக்கே இரண்டு விரல்கள் விழ வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பந்தைக் கிளவுக்குள் போட்டு, எடுத்து, விரலாலேயே தையலைத் தேடுங்கள். முதலில் இரண்டு மூன்று முறை உருட்ட வேண்டியிருக்கும். ஒரு மாதத்தில் விரல் தானாகப் போய் உட்காரும். ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்கு 127 அடிக்கும் மேல் எறிய வேண்டிய கேட்சர்களுக்கு, கையின் வலுவைவிட இந்த மாற்றத்தில் மிச்சமாகும் நொடித்துளிகளே அதிகம் உதவும்.

அவுட்ஃபீல்டர்கள் (மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்பவர்கள்) முதல் காலடியைப் பழகட்டும்: உயரப் பந்து என்றதும் முதல் காலடி பின்னால், சாய்வாக. பேஸ் ஓட்டத்துக்கும் இதே விதிதான். நின்ற இடத்திலிருந்து முதல் மூன்று காலடி சரியாக விழுந்தால் மீதி கால் பார்த்துக்கொள்ளும்.

ஆறாம் படி: மீண்டும் எறியத் தொடங்குதல்

ஓய்வு முடிந்த கை புதுக் கைபோல லேசாக இருக்கும். அந்த உற்சாகத்தில் முதல் நாளே முழு வேகத்தில் எறிந்து அடிபட்டவர்கள் நிறைய. உடம்பு வியர்க்கும் வரை ஓடி, ரப்பர் பட்டைப் பயிற்சி முடித்துவிட்டு, 15 மீட்டரில் இருபத்தைந்து பந்து, பாதி வேகத்தில். ஒரு நாள் விட்டு ஒரு நாள். வாரத்துக்கு ஐந்து மீட்டர் கூட்டலாம். வலி எட்டிப்பார்த்தால் கூட்ட வேண்டாம். முந்தைய தூரத்துக்குத் திரும்புங்கள்.

பிட்சர்களுக்கு எட்டு வார ஓய்வுக்குப் பின் மீதி நான்கு வாரமும் இதற்கே சரியாகப் போய்விடும். மவுண்ட் அதற்குப் பிறகுதான். புதிதாக ஒரு வீச்சைக் கற்க விரும்பினால், இளையவர்கள் கர்வ்பாலை (வளைந்து விழும் வீச்சு) விட்டுவிட்டு சேஞ்சப்பைக் கற்கட்டும். பந்தை விரல் நுனியிலிருந்து உள்ளங்கைப் பக்கமாகக் கொஞ்சம் ஆழமாகப் பிடித்து, ஃபாஸ்ட்பாலுக்கு வீசும் அதே கை வேகத்தில் வீச வேண்டும். பிடிதான் வேகத்தைக் குறைக்கும். கையை மெதுவாக்கினால் பேட்டர் கண்டுபிடித்துவிடுவார். எறியக் கூடாத வாரங்களிலும் அந்தப் பிடியை வைத்துக்கொண்டு நடமாடலாம், விரல் பழகும்.

ஏழாம் படி: கடைசி இரண்டு வாரம்

இப்போது கூட்டாளிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழகிய கை உள்ள ஒருவர் வீச, கணக்கு வைத்து ஆடுங்கள்: இரண்டு ஸ்ட்ரைக், ஒரு பால், இரண்டாம் பேஸில் ஆள் என்று நிலைமையைச் சொல்லிவிட்டு அடிப்பது. புதிய ஸ்விங் நெருக்கடியில் நிற்கிறதா என்பது இங்கேதான் தெரியும். பழைய பழக்கம் ஒருமுறை தலைகாட்டினால் பதறாதீர்கள். மறுநாள் காலை டீக்குப் போங்கள்.

வீட்டில் ஆட்டம் பார்க்கும்போது பந்தைப் பார்க்காமல், உங்கள் இடத்தில் ஆடும் ஒருவரை மட்டும் மூன்று இன்னிங்ஸ் பாருங்கள். பிட்சர் கையைத் தூக்கும்போது அவர் கால் என்ன செய்கிறது என்று நோட்டில் எழுதுங்கள்.

பிட்சர்கள் வரும் சீசனின் எண்ணிக்கை விதியை இப்போதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, பெற்றோரிடமும் காட்டிவிட வேண்டும். பிட்ச் ஸ்மார்ட் கணக்கில் 13, 14 வயதினருக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து. 66 பந்தோ அதற்கு மேலோ வீசினால் நான்கு நாள் ஓய்வு.

கடைசி வாரத்தில் முதல் வாரம் எடுத்த அளவுகளை மறுபடியும் எடுங்கள். அதே இடம், அதே காலணி, அதே கடிகாரம். புதிய எண்ணைப் பழைய எண்ணுக்கு நேரே எழுதி, முன்னேறாமல் நிற்கும் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். சீசனின் முதல் பயிற்சிக்கு அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போய், வட்டம் போட்ட எண்ணைப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.